குறுக்கே வைக்கிற இரும்பு

ஆவாரங்குளத்தில் தண்ணி வத்தாமல் நின்ற அந்த ஆறு வருஷத்துக்கும் காரணம் மழையல்ல, மாரியாத்தாளல்ல, வாய்க்கால் வெட்டிக் கொடுத்தோம் என்று சுவரெல்லாம் எழுதி வைத்தவர்களும் அல்ல. வடகரையில் குடியிருந்த அர்த்தநாரிக்கும் தென்கரையில் குடியிருந்த அவருடைய தங்கச்சி புருஷன் சென்னியப்பனுக்கும் இருந்த பகைதான் காரணம், அதை அந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.

ஊர் மோட்டார் ஊர். எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் ஒரு வீட்டில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக்கொண்டிருப்பார்கள், பக்கத்து வீட்டில் லேத் ஓடும், அதற்கடுத்த வாசலில் பச்சைப் பெயிண்ட் அடித்த பம்பு வெயிலில் காயும். வாரம் முழுக்கக் கிணத்து மோட்டாரோடு மல்லுக்கட்டுகிற ஆம்பிளைகள் ஞாயித்துக்கிழமை வந்தால் வீட்டில் காலை நீட்டிப் படுப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு, முழங்கை நீளப் படகுகளைக் குளத்தில் விட்டு, கண்ணுக்குத் தெரியாத கயிற்றால் இழுக்கிறமாதிரி இப்படியும் அப்படியும் ஓட்டி, யார் படகு முந்தியது என்று மத்தியானச் சோற்றுக்குக்கூடப் போகாமல் தொண்டை கட்டச் சண்டை போடுவார்கள். அந்தப் பழக்கத்தை ஆரம்பித்து வைத்தது மில்லில் இருந்த வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவர்; அவர் கப்பலேறிப் போகும்போது ஒரு தகரப்பெட்டி நிறைய சின்னச் சின்ன மோட்டார்களை விட்டுப்போனார், அவை கைமாறிக் கைமாறி ஊருக்குள் பரவிவிட்டன. கடையில் புதுசாக வாங்குகிற மோட்டாரெல்லாம் கொசு மாதிரிக் கத்தும், நாலு மாசத்தில் புகைந்து சாகும். அந்தப் பழைய மோட்டார்கள் அப்படியல்ல. உள்ளே உரசித் தேய்கிற கார்பன் துண்டை மாற்றி, டம்ளர் தண்ணிக்குள் முக்கி, புதுக் கார்பன் சுற்றுகிற உருளையின் வளைவுக்குப் பதிகிறவரைக்கும் மெதுவாக ஓட்டி எடுத்தால் ஒரு தலைமுறை உழைக்கும். ஆவாரங்குளத்தில் எந்த வீட்டிலும் காப்பி டம்ளரில் லேசாகக் கரி வாசம் அடிக்கும், பெண்டுகள் திட்டித் திட்டி ஓய்ந்துபோயிருந்தார்கள்.

அந்தப் பெட்டியிலேயே உசத்தியான மோட்டார் அர்த்தநாரியிடம் இருந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. மேலே சிவப்புச் சாயம் பூசிய குதிரைலாட மேக்னெட், அதன் இரண்டு காலுக்கும் நடுவே சுற்றுகிற ஆர்மேச்சர். அர்த்தநாரிக்குப் பிள்ளைகுட்டி இல்லை, சம்சாரம் போய்ச் சேர்ந்து வெகுநாளாயிற்று, இருந்தது தங்கச்சி பாவாத்தாளும் இந்த மோட்டாரும்தான். தங்கச்சியைச் சென்னியப்பனுக்குக் கட்டிக் கொடுத்தபோது அழாத மனுஷன், ஒரு போட்டிக்காக அந்த மோட்டாரை மாப்பிள்ளையிடம் ஒரு வாரம் இரவல் கொடுத்தபோது இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்தக் காலத்து மேக்னெட்டுக்கு ஒரு குணம் உண்டு. நடுவிலிருக்கிற ஆர்மேச்சரை வெறுமனே உருவினால் அந்த நிமிஷமே மேக்னெட்டின் பிடிப்பெல்லாம் வடிந்துபோகும். அதன் இரண்டு காலுக்கும் குறுக்கே ஒரு இரும்புத் துண்டை ஒட்டவைத்துவிட்டுத்தான் உருவ வேண்டும். சென்னியப்பன் லேத் பட்டறைக்காரர், இதெல்லாம் தெரியாதவரல்ல. சுத்தம் பண்ணி எண்ணெய் விட ஒரு நிமிஷந்தானே என்று உருவிவிட்டார். ஞாயித்துக்கிழமை படகு குளத்துக்குள் இறங்கியது, பேட்டரி இருந்தது, ரிமோட் இருந்தது, மோட்டார் மட்டும் மூச்சிழுக்கிறமாதிரி இரண்டு தரம் உறுமிவிட்டு நின்றுபோனது.

“ஏனுங் மாப்பிள்ளை, குறுக்க இரும்பு வெச்சீங்களா?” என்றார் அர்த்தநாரி.

“அவசரத்துல உட்டுப்போச்சுங் மச்சான். அதுக்கென்ன, கோயமுத்தூர்ல குடுத்து மறுக்கா மேக்னெட் ஏத்திக்கலாம்.”

“ஆளக் கொன்னுபோட்டு வேற பெத்துக்கலாம்ங்கறீங்களா?”

அந்த இடத்தில் சென்னியப்பன் ஒரே ஒரு வார்த்தை தாழ்ந்து பேசியிருந்தால் இந்தக் கதையே இல்லை. கரை முழுக்க ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், மானம் பெரிசாகப் போயிற்று. “ஒரு பொம்மைக்குப் போயி இந்தக் கூத்தா?” என்று கேட்டுவிட்டார். பொம்மை! அர்த்தநாரி படகைத் தூக்கினார், பேட்டரியைப் பிடுங்கிச் சென்னியப்பனின் காலடியில் போட்டார், “பொம்மைதான், நீயே வெச்சு வெளையாடு, இனி உன்ற வாசப்படி மிதிச்சா எம்பேரு அர்த்தநாரி இல்ல” என்று, வாழ்நாளில் முதல்முறையாக மாப்பிள்ளையை ஒருமையில் பேசி, படகை நடுக்குளத்துக்கு வீசினார்.

படகு கவிழவில்லை. ஒரு தரம் முங்கி எழுந்தது, மூக்கை நிமிர்த்தியது, பிறகு பேட்டரியும் இல்லாமல், மேக்னெட்டில் பிடிப்பும் இல்லாமல், வடகரைக்கும் தென்கரைக்கும் நடுவில் வட்டமாக ஓடத் தொடங்கியது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எல்லாரும் சாப்பிடப் போனார்கள். மறுநாள் ஓடியது, அடுத்த வாரம் ஓடியது, பிடிக்கப் போன பரிசலுக்குச் சிக்காமல் ஓடியது.

அந்தச் சித்திரையில் சுத்துப்பட்டு ஊர்களின் குளமெல்லாம் வறண்டு வெடித்து ஆடு மேய்க்கிற இடமாகியது. ஆவாரங்குளத்தில் மட்டும் தண்ணி படி தாழவில்லை. படகு வேகமாக ஓடுகிற நாளில் குளம் ஏறியது, படகு சோர்ந்த நாளில் குளம் இறங்கியது, அர்த்தநாரி கோபமாக இருந்த நாளெல்லாம் படகு வேகமாக ஓடியது. இதைக் கண்டுபிடிக்க ஊருக்கு ரொம்ப நாள் ஆகவில்லை. மோட்டார்க்காரர்கள் இல்லையா, எது எதனால் ஓடுகிறது என்று பார்ப்பதுதானே அவர்களுடைய பிழைப்பு?

அதிசயம் என்று யாரும் வாயைப் பிளக்கவில்லை. பம்புக்கு வேண்டிய சாமானை வாங்கிவைக்கிற மாதிரி, பகைக்கு வேண்டியதைப் பார்த்துக்கொள்ள ஒரு கமிட்டி போட்டார்கள். அதற்குத் தலைவி பேரூராட்சித் தலைவராகவும் இருந்த கருணையம்மாள். அந்தம்மாளுக்கும் அவள் பேருக்கும் ஏழாம் பொருத்தம். மாரியம்மன் கோயில் நோன்புத் திருவிழாவில் முதல் மரியாதையை ஒரு வருஷம் அர்த்தநாரிக்குக் கொடுத்துச் சென்னியப்பனைக் கடைசி வரிசையில் நிறுத்தினார்கள், அடுத்த வருஷம் மாற்றிச் செய்தார்கள், அந்த வாரமெல்லாம் படகு தண்ணியைக் கிழித்துக்கொண்டு பறந்தது. அர்த்தநாரி வீட்டுக்கு யாரும் இனிப்புப் பலகாரம் கொடுத்தனுப்பக்கூடாது என்று தண்டோரா போட்டார்கள், ஏனென்றால் ஒருநாள் யாரோ கொடுத்த கச்சாயத்தைத் தின்றுவிட்டு அவர் மனசு நிறைந்து உட்கார்ந்ததில் குளம் ஒரு சாண் இறங்கிப்போனது. அவர் தெருவில் நடந்தால் பிள்ளைகள் சிரிக்கக்கூடாது. கல்யாணப் பத்திரிகையை இருவருக்கும் வைப்பார்கள், பந்தியில் எதிரெதிராக உட்காரவைப்பார்கள், சாம்பாரை ஒருவர் இலைக்கு முதலில் ஊற்றி இன்னொருவரைக் காக்கவைப்பார்கள். டீக்கடை பொன்னானுக்குக் கோள் சொல்லுகிற வேலை. காலையில் வடகரை, மாலையில் தென்கரை. “உங்க மாப்பிள்ளை நேத்து உங்களப் பத்தி என்ன சொன்னாருன்னா” என்று ஆரம்பித்தால் பொன்னானின் வாயில் வருவதெல்லாம் நெருப்பு; மனுஷன் நல்லவன்தான், அவனுக்கு ஒரு தோட்டம் இருந்தது, அதில் வாழை இருந்தது, வாழைக்குத் தண்ணி வேண்டியிருந்தது.

அர்த்தநாரிக்கும் இது சவுகரியமாகத்தான் இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது? எழுந்தவுடன் பல் விளக்குமுன் கரைக்கு வந்து தென்கரையைப் பார்த்து முறைப்பார், படகு வேகம் பிடிக்கும், தண்ணி எடுக்க வந்த பெண்டுகள் “இன்னைக்கு அண்ணன் ஜோரா இருக்கறாருங்” என்பார்கள், அவருக்கு நெஞ்சு விரியும். ஒரு ஊரே தன் கோபத்தைக் குடித்துப் பிழைக்கிறது என்று நினைக்கும்போது யாருக்குத்தான் கோபத்தை விட மனசு வரும்? கோபம் தணிந்துபோகிற நாளில், அவரே பழசை நினைத்து நினைத்து, பொம்மை, பொம்மை என்று வாய்க்குள் சொல்லிச் சொல்லி அதை மூட்டிவிட்டுக்கொள்வார்.

பாவாத்தாள் மட்டும் இதில் சேரவில்லை. அவள் தினமும் மத்தியானம் தூக்குப்போசியில் குழம்பை எடுத்துக்கொண்டு கரையைச் சுற்றி அண்ணன் வீட்டுக்கு நடப்பாள், அங்கே ஆக்கியிருக்கிற எதையாவது வாங்கிக்கொண்டு புருஷன் வீட்டுக்குத் திரும்புவாள். யாரிடம் யாரைப் பற்றியும் பேசமாட்டாள். “குழம்புல உப்பு செரியா இருக்குதுங்ளா அண்ணா?” என்று கேட்பாள், அவ்வளவுதான். ஆனால் அவள் கரையில் நடக்கிற நேரமெல்லாம் படகு மெதுவாகப் போனது. கமிட்டி இதையும் கவனித்தது. ஒரு நாள் கருணையம்மாள் நாலு பேரோடு வந்து, “ஏங்கண்ணு, உன்ற குழம்புக்காக நாங்க நாக்கு வறண்டு சாவோணுமா?” என்று கேட்டு, தூக்குப்போசியைக் கையிலிருந்து வாங்கிக் கவிழ்த்தாள். அதோடு நடை நின்றது. அன்றைக்கு மத்தியானம் வெகுநேரம் காத்திருந்துவிட்டு, அண்ணன்காரர் வெறும் மோரை ஊற்றித் தின்றார். தங்கச்சியை மாப்பிள்ளைதான் தடுத்துவிட்டான் என்று பொன்னான் வந்து சொன்னான். படகு அந்த மாசம் முழுக்க அலறிக்கொண்டு ஓடியது, குளம் மதகு தொட்டது.

ஆறாவது வருஷக் கோடையில் பாவாத்தாளுக்கு மஞ்சக்காமாலை வந்து முத்திப்போனது. அண்ணனைப் பார்க்கவேண்டும் என்று அவள் சொன்னதைப் பொன்னான் வடகரைக்குக் கொண்டுவரும் வழியிலேயே மாற்றினான்: “உங்க தங்கச்சிக்கு ஒடம்பு சுமாருங், ஆனா உங்க மூஞ்சில முழிக்கமாட்டேங்குதுங்.” அந்தப் பக்கம் போய், “அவரு சிரிக்கறாருங். நடிப்புங்கறாருங்” என்றான். அர்த்தநாரி அதைக் கேட்ட அன்று சோறு இறங்காமல் தட்டைத் தள்ளிவிட்டு, அப்படியா சொன்னாள், என்னைச் சொல்ல அவளுக்கு வாய் வந்ததா என்று சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று கால் துடித்தது, தன் பேரை வைத்துச் சபதம் போட்டது நினைவுக்கு வந்தது, உட்கார்ந்துவிட்டார். ஆனாலும் ஒவ்வொரு நாளும் அவளை ஒரே ஒரு தரம் பார்த்துவிட்டால் போதும் என்பதைத் தவிர அவர் மனசில் வேறொன்றும் ஓடவில்லை.

படுத்த படுக்கையாகிவிட்ட பாவாத்தாள் ஒரு சாயங்காலம் பொன்னானைக் கூப்பிட்டு ஒரு இரும்புத் துண்டைக் கையில் கொடுத்தாள். விரல் நீளம்கூட இருக்காது. “அண்ணன் பட்டறையில எடுத்ததுங், திருப்பிக் குடுத்துருங்க” என்றாள். பொன்னான் அதைக் கமிட்டிக்குக் காட்டாமல் கொண்டுபோவானா? கருணையம்மாள் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், கையில் தூக்கி எடைபோட்டாள். “சோறில்ல, சேதியில்ல. இரும்புதான? இதுல என்ன பாசம் இருக்கப்போவுது, குடுத்துத் தொலை” என்றாள்.

மறுநாள் காலையில் அது, தங்கச்சி கொடுத்தது, கருணையம்மாள் எடைபோட்டுப் பார்த்தது என்ற சேதியோடு அர்த்தநாரியின் கைக்கு வந்தது. பொன்னான் சொல்லவந்த கோளைச் சொல்லி முடிக்குமுன் அவர் அவனை மறந்துவிட்டார். அந்த இரும்பு மேக்னெட்டுக்குக் குறுக்கே வைக்கிற இரும்பு. எந்த மேக்னெட்டுக்கு? அவருடைய மோட்டாரில் மேக்னெட்டின் இடது கால் ஓரத்தில் கடுகளவு உடைசல் ஒன்று உண்டு, அது அவருக்கும் இரவல் வாங்கின வாரத்தில் அதைக் கையில் வைத்து அளந்தவனுக்கும் மட்டுந்தான் தெரியும். இந்த இரும்பின் ஒரு ஓரம் அந்த உடைசலுக்குத் தக்கபடி அரம் போட்டு இழைத்திருந்தது. அரம் இழுத்த சாய்வைப் பார்த்தாலே சென்னியப்பனின் கை என்று தெரிந்தது, அவர் இடது கைக்காரர். வெட்டின வாயெல்லாம் பழுத்துக் கறுத்திருந்தது, ஆனால் ஒரு பொட்டுத் துரு இல்லை. சண்டை நடந்த அந்த வாரமே செய்து, கொண்டுவந்து கொடுக்க மூஞ்சி இல்லாமல், ஆறு வருஷமாக எண்ணெய் தொட்டுத் துடைத்துத் துடைத்து வைத்திருந்த இரும்பு. வாயைத் திறந்து தப்புதான் என்று சொல்லத் தெரியாத ஒரு மனுஷன் அதை அரத்தால் சொல்லியிருக்கிறான், பாவாத்தாள் அதை எடுத்து, அண்ணன் பட்டறைச் சாமான் என்று பொய் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

“அட கிறுக்கு மாப்பிள்ளை” என்றார் அர்த்தநாரி.

குளத்தில் படகு தடுமாறியது. தண்ணி மொண்டுகொண்டிருந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். அவர் சட்டையை மாட்டி, இரும்பை மடியில் செருகி, வீட்டைப் பூட்டிக் கரைக்கு வருவதற்குள் ஊரே கரைமேல் வந்து வழியில் உட்கார்ந்துவிட்டது. ஆண், பெண், குஞ்சு குளுவான் எல்லாம் கரைமேல்தான், நடுவில் காலிக்குடங்கள். முன்னால் கருணையம்மாள், கையில் விசிறி.

“எங்கீங்ண்ணா கெளம்பிட்டீங்க, இந்த வெயில்ல?”

“எந்தங்கச்சியப் பார்க்க.”

“பாவாத்தாளுக்கு ஒண்ணுமில்லீங்ண்ணா. இப்பத்தான் கஞ்சி குடிச்சுட்டுத் தூங்குது. மழை எறங்கட்டும், நாங்களே கூட்டிட்டுப் போறோம்.”

“வழி உடு கருணை.”

“உட்டா எங்க பிள்ளைக வாயில நீங்க மண்ண அள்ளிப் போடறீங்கன்னு அர்த்தமுங்.” சிரித்த முகமாகத்தான் சொன்னாள். “நீங்க நல்லவருங்ண்ணா. உங்க நல்ல குணத்த வெச்சு எங்களுக்கு ஒரு குடம் தண்ணி வருமுங்ளா? வராது. உங்க கெட்ட குணத்துலதான் வருது. பேசாம ஊட்டுக்குப் போயி, எப்பவும் போல அந்தாளத் திட்டீட்டு இருங்க.”

பின்னாலிருந்து யாரோ, “பொம்மைன்னு சொன்னானே, மறந்துபோச்சுங்ளா?” என்று எடுத்துக் கொடுத்தார்கள். ஆளுக்கு ஆள் ஞாபகப்படுத்தத் தொடங்கினார்கள். பந்தியில் காக்கவைத்தது, கடைசி வரிசையில் நிறுத்தியது, அது இது என்று ஆறு வருஷத்தையும் அவர் முகத்தில் அள்ளி வீசினார்கள். இதெல்லாம் இவர்கள் செய்ததுதானே, மாப்பிள்ளை எங்கே செய்தான் என்று அர்த்தநாரிக்கு அப்போதுதான் உறைத்தது.

அவர் திரும்பினார். வீட்டுக்குப் போகிறார் என்று கூட்டம் மூச்சுவிட்டது. அவர் படித்துறையில் இறங்கி, தண்ணிக்குள் இறங்கி, இடுப்பளவு, மார்பளவு, கழுத்தளவு போய் நீந்தத் தொடங்கிவிட்டார். முதலில் ஒரு மண்கட்டி வந்து பக்கத்தில் விழுந்தது. பிறகு கல். “திரும்புங்ண்ணா, திரும்புங்ண்ணா” என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டே எறிந்தார்கள். ஒன்று காதோரம் பட்டு ரத்தம் வந்தது. படகு அவரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது, அவர் கைபோடுகிற வேகத்துக்குத் தன்னைக் குறைத்துக்கொண்டு கூடவே கொஞ்ச தூரம் வந்தது, நடுக்குளத்தில் ஓய்ந்து நின்றுவிட்டது.

தென்கரையில் ஏறும்போது அவருக்கு ஒரு விஷயம் வித்தியாசமாகப் பட்டது. சென்னியப்பன் வீட்டு வாசலில் சனம் இருந்தது, சத்தம் இல்லை. உள்ளே பெண்டுகள் சேலை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சில் பாவாத்தாளைக் கிடத்தியிருந்தது, கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தது.

சென்னியப்பன் தலைமாட்டில் இருந்தார். நிமிர்ந்து பார்த்தவர் எழுந்திருக்கவில்லை. “வரமாட்டேன்னு சொன்னீங்களாமா” என்றார். “அவ எனக்கு யாருன்னு கேட்டீங்களாமா. கோடித்துணிகூட அனுப்பமுடியாதுன்னீங்களாமா.”

“எப்பப் போச்சுங் மாப்பிள்ளை?”

“கோழி கூப்பட. உங்களுக்கு ஆளனுப்பினேனுங்களே. ஒடனே அனுப்பினேன்.”

அப்போதுதான் இரண்டு பேருக்கும் விளங்கியது. தப்பட்டை அடிக்கக்கூடாது, ஒப்பாரி வைக்கக்கூடாது, வடகரைக்கு இழவு சொல்லப் போகக்கூடாது என்று விடிந்ததும் விடியாததுமாகக் கமிட்டி வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தது. இழவு சொல்லப் போன ஆளைப் பாதியில் மறித்து, ஒரு பதிலையும் செய்து கையில் கொடுத்துத் திருப்பி அனுப்பியிருந்தது. கரைமேல் விசிறியும் கையுமாக நின்று, இப்பத்தான் கஞ்சி குடித்தது என்று அந்தம்மா சிரித்தபோது, பாவாத்தாளின் உடம்பு ஆறிப்போயிருந்தது.

பிறந்த வீட்டுக் கோடி போட்டால்தான் பெண் போகிற வழிக்குப் போவாள். அர்த்தநாரி நீந்தி வந்தவர், அவரிடம் என்ன இருக்கிறது? இடுப்பில் கட்டியிருந்த ஈரத் துண்டை அவிழ்த்துப் பிழிந்தார், உதறினார், தங்கச்சியின்மேல் போர்த்தினார். “என்ற கண்ணு, அண்ணன் வந்துட்டேன், கொஞ்சம் நேரமாயிப்போச்சு” என்றார். அதைக் கேட்டதும் சென்னியப்பன் வாய்விட்டு அழுதார். அவர் அழுத பிறகு பெண்டுகளும் முந்தானையை வாயிலிருந்து எடுத்தார்கள். அந்த ஒப்பாரி குளத்தைத் தாண்டி வடகரைக்குக் கேட்டது. கரையில் நின்ற ஊர் அதைக் கேட்டுவிட்டுத் தண்ணியைத் திரும்பிப் பார்த்தது, படி எவ்வளவு தெரிகிறது என்று.

அன்று மாலையே அடக்கம் பண்ணினார்கள். குழியில் இறக்குமுன் அர்த்தநாரி மடியிலிருந்து இரும்பை எடுத்து மாப்பிள்ளையிடம் காட்டினார். சென்னியப்பன் தலைகுனிந்துகொண்டார். “தப்புத்தானுங் மச்சான்” என்றார். “தெரியுமுங்” என்றார் அர்த்தநாரி. அதைப் பாவாத்தாளின் உள்ளங்கையில் வைத்தார், சென்னியப்பன் அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார். பிறகு மண் தள்ளினார்கள்.

குளம் இறங்கியது. ஆறு வருஷமாகக் கண்ணில் படாத படிகள் பாசியோடு வெளியே வந்தன, மீன் சேற்றில் துள்ளிச் செத்தது, நாற்றம் பட்டறைகளுக்குள் நுழைந்தது. கமிட்டி சும்மா இருக்குமா? ஊரில் பேர்போன பகையாளிகளையெல்லாம் கூட்டிவந்து இரண்டு கரையிலும் உட்காரவைத்துப் பார்த்தது. வரப்புச் சண்டைக்காரர்கள், ஓரகத்திகள், ஒரே பெண்ணுக்கு ஆசைப்பட்ட இரண்டு பேர். படகு இருமுகிறமாதிரி ஒரு சத்தம் போட்டதோடு சரி. அதெல்லாம் சில்லறைப் பகை, காற்றாடியைக்கூடச் சுற்றாது.

பால் தெளித்த மறுநாள், மச்சானும் மாப்பிள்ளையும் ஒன்றாகக் கரைக்கு வந்து ஒரே படியில் உட்கார்ந்தார்கள். சென்னியப்பன் ஒரு பொட்டலத்தைப் பிரித்தார், இருவரும் கடலையை உரித்துத் தின்றார்கள். ஊர் கூடிவிட்டது. கருணையம்மாள் மாலையோடு வந்தாள்.

“நடந்தது நடந்துபோச்சுங். போனவங்களும் போயிட்டாங்க” என்று தொடங்கினாள். “அவங்க இருந்தவரைக்கும்தான் உங்களுக்குள்ள ஒரு ஒறவு. இப்ப அந்தக் கட்டும் இல்ல, நீங்க தாராளமா மொறைச்சுக்கலாமுங். ஊரு உங்களத் தெய்வமா வெச்சுக் கும்பிடும். கொஞ்சம் அந்தாண்ட கரையில போயி உக்காந்தீங்கன்னா…”

அந்தம்மா பேசி முடிக்கவில்லை. கடலைத் தோல் அர்த்தநாரியின் விரலிலிருந்து நழுவியது. அவர் நிமிர்ந்து கருணையம்மாளைப் பார்த்தார், அவளுக்குப் பின்னால் பொன்னானைப் பார்த்தார், கல் எறிந்த கைகளை, பந்தியில் சாம்பார் ஊற்றிய கைகளை, வரிசையாக, ஒருவர் விடாமல் பார்த்தார். பக்கத்தில் சென்னியப்பனும் பார்த்தார். தென்கரை, வடகரை என்று பிரிந்து கிடந்த இரண்டு பேருடைய ஆத்திரமும் முதல்முறையாக ஒரே பக்கம் திரும்பியது.

நடுக்குளத்துச் சேற்றில் சாய்ந்து கிடந்த படகு நிமிர்ந்தது.

முதலில் சனங்கள் கைதட்டினார்கள். “ஓடுது, ஓடுது” என்று பிள்ளைகள் குதித்தன, பெண்டுகள் குடத்தை எடுக்க ஓடினார்கள், யாரோ வேட்டு வைத்தார்கள். படகு இதுவரை ஓடாத வேகத்தில் ஓடியது, வட்டம் பெரிசாகிப் பெரிசாகிக் கரையை உரசியது, அதன் சத்தம் பட்டறைகளில் ஓடுகிற லேத்துச் சத்தத்தையெல்லாம் அமுக்கியது, தண்ணி படி படியாக ஏறி மதகைத் தொட்டது, மதகைத் தாண்டியது, கரைமேல் வழிந்து பொன்னானின் வாழைத்தோட்டத்துக்குள் நுழைந்து வாழையைப் படுக்கவைத்தது, சந்து சந்தாகப் புகுந்து காயில் கட்டி வைத்திருந்த மோட்டார்களை நனைத்து, பம்புகளை உருட்டி, அடுப்பை அணைத்து, கமிட்டி கூடுகிற கட்டடத்தின் ஜன்னல்வரைக்கும் ஏறியது. மழை ஒரு சொட்டு இல்லை, வெயில் சுள்ளென்று அடித்தது. கைதட்டின ஊர் கூரைமேல் ஏறிக் கத்தியது. அவர்கள் உட்கார்ந்திருந்த படி மட்டும் நனையவே இல்லை.

கருணையம்மாள் இடுப்பளவுத் தண்ணியில் குடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். விசிறி போன இடம் தெரியவில்லை, மாலை முன்னால் மிதந்தது.

“போதுமுங், நிறுத்துங்ண்ணா” என்றாள். “கால்ல உழுகறனுங். மோட்டார்னா நிறுத்தறதுக்குன்னு ஒண்ணு இருக்கோணுமில்லீங்ளா?”

அர்த்தநாரி மாப்பிள்ளையைப் பார்த்தார். சென்னியப்பன் கடைசிக் கடலையை உரித்துப் பாதியை மச்சான் கையில் வைத்தார்.

“இருந்துச்சு கருணை” என்றார் அர்த்தநாரி. “நீதான அதக் கையில வாங்கி எடை போட்டுப் பார்த்த. எந்தங்கச்சி கையில குடுத்தனுப்பிட்டோம்.”